வீட்டு முன் நடைபாதை பெயர்ந்தால் செலவு யார் தலையில்? டவுன்ஷிப் நோட்டீஸ் வந்திருக்கிறது

மேப்பிள்தெரு (நியூ ஜெர்சி)

வணக்கம். நியூ ஜெர்சியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் டவுன்ஷிப்பிலிருந்து (ஊர் நிர்வாகம்) பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டு முன்னால் ஓடும் நடைபாதையில் சில கான்கிரீட் ஸ்லாப்கள் பெயர்ந்துவிட்டனவாம். அறுபது நாளுக்குள் எங்கள் செலவில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அவர்களே ஆள் வைத்து மாற்றி, அந்தத் தொகையை வீட்டு வரியோடு ஏற்றிவிடுவார்கள்.

ஸ்லாப் பெயர்ந்திருப்பது உண்மைதான், அதில் சண்டை இல்லை. நடு ஸ்லாப்பின் விளிம்பு பக்கத்தில் இருப்பதைவிட இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. ஸ்ட்ரோலரைப் பின்சக்கரத்தில் சாய்த்துத் தூக்கித்தான் அங்கே ஏற்ற முடிகிறது. என் வருத்தம் வேறு. அதைத் தூக்கியது ரோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள புல் பட்டையில் நிற்கும் மேப்பிள் மரம். நாங்கள் நட்ட மரம் இல்லை. வீடு வாங்கும்போதே இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் அளவு பருமன். அதில் ஒரு கிளையை வெட்டக்கூட டவுன்ஷிப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். கிளையில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை, வேர் செய்த சேதத்துக்கு மட்டும் நான் பொறுப்பா?

சர்வே வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கள் எல்லைக்கோடு நடைபாதைக்கு உள்பக்கமே முடிந்துவிடுகிறது. நடைபாதை என் நிலமே இல்லை. இதை எதிர்த்துக் கேட்க வழி இருக்கிறதா? இடையில் யாராவது தடுக்கி விழுந்தால் என் மேல் வழக்குப் போட முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குயின்ஸ்வாசி (நியூயார்க்)

தம்பி, கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் இதுதான் நடைமுறை. நிலம் யாருடையது என்பது கேள்வியே இல்லை. ஒட்டி இருக்கிற சொத்து யாருடையது என்றுதான் பார்ப்பார்கள்.

எங்கள் நியூயார்க் நகரில் இது இன்னும் கடுமை. நடைபாதையைப் போடுவது, பழுது பார்ப்பது, பனி அள்ளுவது எல்லாம் சொத்துக்காரர் வேலை. இரண்டு ஸ்லாப்களுக்கு நடுவே அரை அங்குல உயர வித்தியாசம் இருந்தாலே குறைபாடு என்று எழுதிவிட்டுப் போவார்கள். 75 நாள் கெடு. அதற்குள் செய்யாவிட்டால் நகரமே செய்து பில் அனுப்பும்.

அதைவிட முக்கியம் 2003 செப்டம்பர் 14. அன்றைக்கு நடைமுறைக்கு வந்த சட்டப்படி, நடைபாதையில் விழுந்து அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பும் நகரத்திடமிருந்து சொத்துக்காரர் தலைக்கு மாறியது. விலக்கு ஒன்று உண்டு: ஒன்று, இரண்டு அல்லது மூன்று குடும்ப வீடு, குடியிருக்க மட்டுமே பயன்படுவது, சொந்தக்காரர் அதில் ஒரு பகுதியிலாவது வசிப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு.

நம்மவர்கள் பலர் கவனிக்காத இடம் இது. குயின்ஸில் இரண்டு குடும்ப வீடு வாங்குவார்கள், கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுவார்கள். குழந்தைகள் வளர்ந்ததும் லாங் ஐலண்ட் போய்விட்டு, வீட்டை முழுசாக வாடகைக்கு விடுவார்கள். வெளியேறிய அன்றே விலக்கும் போய்விட்டது. குடியிருப்பவரோடு போட்ட ஒப்பந்தத்தில் ‘நடைபாதையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதி வைத்தாலும், விழுந்தவர் உங்களைத்தான் தேடி வருவார். அந்தப் பொறுப்பைக் கைமாற்ற முடியாது என்று மாநிலத்தின் உச்ச மன்றம் 2019இல் சொல்லிவிட்டது. யாராவது அப்படி இருந்தால் இன்றைக்கே இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

சட்டப்புத்தகம் (பிலடெல்பியா)

குயின்ஸ்வாசி சார் சொன்னது நியூயார்க்குக்குச் சரி. ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்கு வந்தால் கணக்கு வேறு. மேப்பிள்தெரு நண்பர் கேட்டதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஸ்லாப்பை மாற்றும் செலவு. ஒட்டிய சொத்துக்காரரே செய்ய வேண்டும் என்று ஊர்ச் சட்டம் போட நியூ ஜெர்சி மாநிலச் சட்டம் டவுன்ஷிப்புகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. எல்லைக்கோட்டைக் காட்டி வாதாடுவதில் பெரிய பயன் இருக்காது. உங்கள் ஊர்ச் சட்டத்தை எடுத்து, மரத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். சில ஊர்களில் தெருமரம் தூக்கிய ஸ்லாப்புக்கு ஊரே செலவை ஏற்கிறது, சில ஊர்களில் பாதிப் பாதி. ஊருக்கு ஊர் மாறும்.

இரண்டாவது, விழுந்தவருக்கு நஷ்டஈடு. நியூ ஜெர்சியில் 1981இல் ஸ்டூவர்ட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. கடை, அலுவலகம் போன்ற வணிகச் சொத்துக்காரர் நடைபாதைக்குப் பொறுப்பு. வீட்டுக்காரர் பொறுப்பில்லை. வணிகம் நடத்துபவர் அந்தச் செலவைத் தன் தொழிலில் பரப்பிக்கொள்ள முடியும், குடியிருப்பவரால் முடியாது என்பது அதன் பின்னணி. 2024இல் காலியாகக் கிடக்கும் வணிக மனைக்கும் இதே பொறுப்பு உண்டு என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

ஆக, நீங்கள் வீட்டுக்காரராக இருக்கும்வரை, தானாகக் கெட்டுப்போன நடைபாதையில் ஒருவர் விழுந்தால் பொதுவாக உங்கள் மேல் பொறுப்பு வராது. ஆனால் நீங்களே கை வைத்து அரைகுறையாகச் செய்து நிலைமையை மோசமாக்கினால் வரும். சிமெண்ட்டைக் குழைத்து விளிம்பில் பூசிவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். மரத்தை நீங்கள் நட்டிருந்தாலும் கதை மாறும். வீட்டுக்காரர் நட்ட மரத்தின் வேர் ஸ்லாப்பைத் தூக்கியபோது அவரைப் பொறுப்பாக்கிய தீர்ப்பு உண்டு. உங்கள் மரம் ஊர் நட்டது என்றால் அதற்கான ஆதாரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது பொதுவான விவரம். நோட்டீஸைக் கையில் வைத்து ஒரு உள்ளூர் வக்கீலிடம் அரைமணி நேரம் பேசிவிடுங்கள்.

மதுரைமகள் (நியூ ஜெர்சி)

சட்டப்புத்தகம் அண்ணா சொல்வது அத்தனையும் சரி. அதன் மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

அம்மா மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். சாயங்காலம் தெருவில் நடந்து போவதுதான் இங்கே அவர்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. இலையுதிர் காலம். ஓக் இலை மூடிக்கிடந்ததால் ஸ்லாப்பின் விளிம்பு தெரியவில்லை. கால் தட்டி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அப்புறம் வாக்கர். விசிட்டர் இன்ஷூரன்ஸ் ஒவ்வொரு செலவினத்துக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்த பாலிசி. மிச்சத்தை நாங்கள் தவணையில் கட்டினோம்.

அந்த வீட்டுக்காரர் பொறுப்பில்லை, அது குடியிருப்பு வீடு. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, வயதானவர், தனியாக இருக்கிறார். ஊர் நிர்வாகத்தைக் கேட்கலாம் என்றால், தொண்ணூறு நாளுக்குள் எழுத்தில் கோரிக்கை கொடுத்திருக்க வேண்டும். அம்மாவை எழுப்பி நிற்க வைப்பதிலேயே அந்த நாட்கள் போய்விட்டன. கொடுத்திருந்தாலும் நிரந்தரமாக உடல் செயல்பாடு போயிருக்க வேண்டும், ஊருக்கு அந்தக் குறை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகப் படிகள்.

ஆக, வீட்டுக்காரரும் பொறுப்பில்லை, ஊரும் பொறுப்பில்லை. விழுந்தவர் பாடு விழுந்தவருக்கு. மேப்பிள்தெரு, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் ‘யார் கட்டுவது’ என்ற வழக்கு முடியும்வரை அந்த விளிம்பு அங்கேதான் நிற்கும். தயவுசெய்து இன்றைக்கே ஒரு ஆரஞ்சு கூம்பாவது வையுங்கள்.

மேப்பிள்தெரு

அக்கா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. அம்மா இப்போது நலமா? கூம்பு வைத்துவிட்டேன். விளிம்பில் மஞ்சள் பெயிண்ட்டும் அடித்தாயிற்று, இரவில் தெரியும்படி.

ஒரு காண்டிராக்டர் வந்து பார்த்தார். ‘வேரை வெட்டிவிட்டு ஒரே நாளில் ஊற்றிவிடலாம்’ என்கிறார். அது சரியா?

சிவில்மேஸ்திரி (டெக்சாஸ்)

சரியில்லை. அவரை நிறுத்துங்கள்.

வேர் ஏன் ஸ்லாப்புக்கு அடியில் வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ரோடு போட்டபோது சுற்றியுள்ள மண்ணை நன்றாக இறுக்கியிருப்பார்கள். இறுகிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. கான்கிரீட்டுக்கும் அதன் கீழ் உள்ள ஜல்லிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். ராத்திரி ஸ்லாப் குளிரும்போது அடிப்பக்கத்தில் ஈரம் கட்டும். காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் இடம் அதுதான். மெல்லிய வேர் அங்கே நுழைந்து, வருஷா வருஷம் பருத்து, ஸ்லாப்பை நெம்பிவிடும்.

இப்போது அந்தப் பருத்த வேரைத் தண்டுக்குப் பக்கத்தில் வெட்டினால் மரத்துக்கு ஒரு பக்கப் பிடிமானம் போய்விடும். அடுத்த புயலில் அது உங்கள் கூரை மேலோ ரோட்டில் போகும் கார் மேலோ சாயலாம். ஊர் மரத்தின் வேரை அனுமதியில்லாமல் வெட்டியவர் என்ற பொறுப்பும் உங்கள் பெயரில் ஏறும். ஸ்லாப்பை உடைப்பதற்கு முன்பே டவுன்ஷிப்பின் மர அலுவலரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேரை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வெட்டாமல் செய்ய வழிகள் உண்டு. புல் பட்டையிலிருந்து நடைபாதையை வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் வளைத்துக் கொண்டுபோகலாம். அதற்கு உங்கள் நிலத்தில் ஒரு துண்டு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். வேருக்கு மேல் ஜல்லி பரப்பி மட்டத்தை உயர்த்தி, இரண்டு பக்கமும் மெதுவான சரிவில் இறக்கலாம். உயர வித்தியாசம் ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் கிரைண்டர் வைத்து விளிம்பைச் சீவிவிடலாம், செலவும் குறைவு. ஆனால் உங்களுடையது இரண்டு விரற்கடை என்கிறீர்கள். சீவினால் ஸ்லாப் மெலிந்து உடைந்துவிடும், மாற்றத்தான் வேண்டும்.

ஊற்றும்போது சாதாரண இடத்தில் நான்கு அங்குல கனம். டிரைவ்வே குறுக்கே போகும் இடத்தில் அதைவிட அதிகம், உங்கள் ஊர் விதி எவ்வளவு என்று பெர்மிட்டில் இருக்கும். கார் ஏறும் இடத்திலும் நான்கே அங்குலம் ஊற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு குளிர்காலத்தில் பிளந்துவிடும். ஊற்றுவதற்கு முன் பலகை அடித்திருக்கும்போதே டேப் வைத்து அளந்து படம் எடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் நோட்டீஸ் வந்திருந்தால் சேர்ந்து ஒரே காண்டிராக்டரிடம் கொடுங்கள். கான்கிரீட் லாரி ஒரு தடவை வந்தால் போதும், தலைக்கு விலை குறையும்.

சான்ஹோசேக்காரி (கலிபோர்னியா)

எங்கள் பக்கத்து வரலாற்றையும் சொல்கிறேன். 1911ஆம் ஆண்டு மேம்பாட்டுச் சட்டம் என்ற சட்டப்படி கலிபோர்னியாவில் ஒட்டிய சொத்துக்காரர்தான் நடைபாதையைப் பராமரிக்க வேண்டும். ஆனால் அந்தக் கடமை வீட்டுக்காரர் ஊருக்குச் செய்ய வேண்டியது, விழுந்தவருக்குச் செய்ய வேண்டியது இல்லை என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. அதனால் நஷ்டஈடு என்றால் நகரம்தான். சான் ஹோசே அதை மாற்றி, நஷ்டஈட்டுப் பொறுப்பையும் வீட்டுக்காரர் மேல் வைத்து ஊர்ச் சட்டம் போட்டது. அது செல்லும் என்று 2004இல் மேல்முறையீட்டு மன்றம் சொல்லிவிட்டது. இங்கே வீட்டுக்காரருக்கு விலக்கும் இல்லை. நியூ ஜெர்சி நண்பர் இந்த விஷயத்தில் எங்களைவிட நல்ல இடத்தில் இருக்கிறார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதை இன்னும் பாடமானது. 1970களில், மர வேரால் பெயர்ந்த நடைபாதையை நாங்களே சரி செய்கிறோம் என்று நகரம் ஏற்றுக்கொண்டது. மத்திய அரசுப் பணம் இருந்தது. பணம் தீர்ந்ததும் வேலை நின்றது. ஆனால் வாக்குறுதி அப்படியே இருந்ததால் வீட்டுக்காரரும் தொடவில்லை. நம் ஆலமரத்துக்கு உறவான ஃபைகஸ் மரங்களைத் தெருத்தெருவாக நட்டிருந்தார்கள். அதன் வேர் பலம் நமக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பத்தாண்டுக் கணக்கில் நடைபாதைகள் அலை அலையாகக் கிடந்தன.

கடைசியில் மாற்றுத்திறனாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். வில்லிட்ஸ் வழக்கு. 30 ஆண்டுகளில் சுமார் 140 கோடி டாலர் செலவிட்டு நடைபாதைகளைச் சரி செய்ய நகரம் ஒப்புக்கொண்டது, 2016இல் நீதிமன்றம் அதை ஏற்றது. அப்புறம் நகரம் எடுத்த முடிவைப் பாருங்கள். ஒரு தடவை நாங்கள் சரி செய்து, வீட்டுக்கு 20 ஆண்டு உத்தரவாதம், வணிகச் சொத்துக்கு 5 ஆண்டு. அதற்கு மேல் உங்கள் பாடு. சுற்றிச் சுற்றி மறுபடியும் சொத்துக்காரரிடமே வந்துவிட்டது.

நான்குசக்கரம் (சிகாகோ புறநகர்)

நான் மின்சக்கர நாற்காலியில் போகிறவன். இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஒருவர் பணத்தைப் பார்க்கிறார், ஒருவர் வழக்கைப் பார்க்கிறார். என் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து நூலகம் எனக்கு நாலு பிளாக். அதில் ஒரு வீட்டுக்காரர் புத்தம் புதுசாக ஊற்றி வைத்திருக்கிறார், கண்ணாடி மாதிரி. அடுத்தவர் வீட்டு முன் ஸ்லாப் நடுவில் பிளந்து ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. நாற்காலி ரோட்டுப் பக்கம் இழுக்கும். அதற்கடுத்த மனை காலி, நடைபாதையே இல்லை, சேறு. முதல் வீட்டுக்காரர் செலவழித்தது எனக்கு உபயோகமே இல்லை. ஏனென்றால் முந்தின தெருமுனையிலேயே நான் ரோட்டில் இறங்கிவிட வேண்டும். நடுவில் ஏற வழியில்லை. கார்களோடு கார்களாகப் போகிறேன்.

நடைபாதை முழுசாக இருந்தால்தான் நடைபாதை. தண்ணீர்க் குழாயில் அவரவர் வீட்டு முன்னால் உள்ள துண்டை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஒரு வீட்டுக்கும் தண்ணீர் வராது.

இன்னொன்று. ஊர்ச் சட்டம் யார் தலையில் வைத்தாலும், மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி கடைசிப் பொறுப்பு நகரத்துக்குத்தான். நடைபாதை என்பது நகரம் தரும் சேவை, அதை நாங்கள் பயன்படுத்தும்படி வைத்திருக்க வேண்டும் என்று சாக்ரமெண்டோ நகரத்துக்கு எதிரான பார்டன் வழக்கில் 2002இல் ஒன்பதாவது வட்ட மத்திய மேல்முறையீட்டு மன்றம் சொன்னது. அதன் பின் வந்த சமரசத்தில், போக்குவரத்து நிதியில் 20 சதவீதத்தை 30 ஆண்டு வரை இதற்காக ஒதுக்க அந்த நகரம் ஒப்புக்கொண்டது. நோட்டீஸ் அனுப்பியதோடு தன் கடமை முடிந்தது என்று எந்த நகராட்சியும் சொல்ல முடியாது.

குயின்ஸ்வாசி

சார், உங்கள் சிரமம் புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் நகரத்திடம் விட்டால் நடக்கும் என்று எப்படி நம்புவது? நியூயார்க்கில் 2003க்கு முன்னால் நகரம்தான் பொறுப்பு. என்ன நடந்தது? குறை இருக்கிறது என்று எழுத்தில் முன்கூட்டியே தெரிவித்திருந்தால்தான் வழக்குப் போட முடியும் என்று 1979இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உடனே வக்கீல்கள் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கி, ஆட்களை விட்டு, தெருத்தெருவாக ஒவ்வொரு விரிசலையும் வரைபடத்தில் குறித்து நகரத்திடம் கொடுத்தார்கள். ஒரு வளைகோடு என்றால் ஒரு வகைக் குறை, நேர்கோடு என்றால் இன்னொன்று. எந்த விரிசல் எங்கே என்று நகரத்துக்குத் தெரியும். ஆனாலும் சரி செய்யவில்லை, நஷ்டஈடாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சொத்துக்காரர் பொறுப்பு என்று ஆனபிறகுதான் எங்கள் தெருவில் கடைக்காரர்கள் ஸ்லாப் மாற்ற ஆரம்பித்தார்கள். என் கண்ணால் பார்த்தது.

பணம் எங்கிருந்து வரும்? கடைசியில் வரிதானே. கையில் கொடுத்தால் என்ன, வரியில் கொடுத்தால் என்ன?

ஒரு நியாயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மரம். நடைபாதை ஸ்லாப் வேறு, மரம் நிற்கும் குழி வேறு. குழியில் விழுந்தால் நகரம்தான் பொறுப்பு என்று 2008இல் தீர்ப்பு வந்தது. ஒன்று முதல் மூன்று குடும்ப வீடுகளில் நகர மரம் மட்டுமே காரணமாக இருந்தால் பழுதுச் செலவைச் சொத்தின் மேல் கடன்பற்றாக ஏற்றுவதில்லை என்று 2019இல் நகரமும் இறங்கிவந்தது. மேப்பிள்தெரு தம்பி தன் ஊரில் இதை உதாரணமாகக் காட்டலாம்.

டென்வர்மலை (கொலராடோ)

‘கையில் கொடுத்தால் என்ன, வரியில் கொடுத்தால் என்ன’ என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் இருக்கிறது.

டென்வரிலும் சொத்துக்காரர்தான் பொறுப்பாக இருந்தார். பணக்காரப் பேட்டைகளில் நல்ல நடைபாதை. மேற்கே ஏழைப் பேட்டைகளில் இரண்டடி அகலத்தில் ஒரு துண்டு, பாதி இடங்களில் அதுவும் இல்லை. 2022 நவம்பரில் மக்களே வாக்கெடுப்பில் மாற்றினார்கள், 307ஆம் எண் தீர்மானம். ஒவ்வொரு சொத்துக்கும் கட்டணம், பழுது பார்ப்பதும் இல்லாத இடத்தில் புதிதாகக் கட்டுவதும் நகரத்தின் வேலை.

முதலில் மனையின் முன்பக்க நீளத்தை வைத்துக் கட்டணம் போட்டிருந்தார்கள். மூலை வீட்டுக்காரர்கள் பாவம், இரண்டு பக்கமும் தெரு. சிலருக்குக் கணக்கு எக்கச்சக்கமாக வந்தது. அதைத் திருத்தி, பெரும்பாலான வீடுகளுக்கு ஆண்டுக்கு 150 டாலர் என்று ஒரே அளவாக்கினார்கள். 2025 ஜனவரியில் வசூல் தொடங்கியது. வீட்டு முன் மரம் நிற்பவர், மூலை வீட்டுக்காரர் என்று யாருக்கும் திடீரென்று ஆயிரக்கணக்கில் பில் வராது. குயின்ஸ்வாசி சார், கையில் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஓய்வூதியத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கு ஆண்டுக்கு 150 கட்ட முடியும், ஒரே மாதத்தில் ஐந்தாயிரம் கட்ட முடியாது. கட்ட முடியாதபோது அந்த ஸ்லாப் அப்படியே கிடக்கும்.

இதாக்காமாணவன் (நியூயார்க் மாநிலம்)

டென்வர் பெரிய ஊர் என்று நினைப்பவர்களுக்கு: இதாக்கா சின்ன ஊர், 2014இலேயே செய்துவிட்டது. அதற்கு முன் வீட்டுக்காரர் பொறுப்பு, நோட்டீஸ், சண்டை எல்லாம் இங்கேயும் உண்டு. இப்போது ஊரை ஐந்து நடைபாதை வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு குடும்ப வீட்டுக்கு ஆண்டுக்கு 70 டாலர் என்று ஆரம்பித்தார்கள். கடை, அடுக்ககம் போன்றவற்றுக்கு அதிகம், ஏனென்றால் அங்கேதான் கால் அதிகம் படுகிறது. ஒரு வட்டாரத்தில் வசூலானது அந்த வட்டாரத்திலேயே செலவாகும், எந்த ஆண்டு எந்தத் தெரு என்று திட்டத்தை வெளியிடுவார்கள். மிச்சிகனில் ஆன் ஆர்பரும் 2011இல் இதற்கென்று தனி வரிக்கு மக்களிடம் வாக்கு வாங்கியது.

ஸ்கார்பரோஅக்கா (டொரொண்டோ)

கனடாவில் இருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு நடைபாதை திருத்துவது நகரத்தின் வேலைதான், வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் வருவதில்லை. பனிதான் தகராறு. பழைய டொரொண்டோ பகுதியில் கனகாலம் வீட்டுக்காரரே பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் அள்ள வேண்டும். ஸ்கார்பரோவில் எங்களுக்குச் சின்ன இயந்திரம் வந்து வழித்துக்கொண்டு போகும். 2021க்குப் பிறகு இயந்திரம் போகக்கூடிய அநேகமான எல்லா இடத்துக்கும் அதை விரித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வயதான ஆட்கள் மாசி மாதத்திலும் கோயிலுக்கும் கடைக்கும் நடந்து போகிறார்கள் என்றால் அதனால்தான்.

அள்ளாத வீட்டுக்காரருக்கு நகரம் தண்டம் போடலாமே தவிர, விழுந்தவர் வீட்டுக்காரர் மேல் பொதுவாக வழக்கு வைக்க இயலாது என்றுதான் ஒண்டாரியோ மேல்முறையீட்டு மன்றமும் சொல்லியிருக்கு. நகரத்தின் மேல் வைப்பதென்றால் பத்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும், அதோடு பெரும் கவனக்குறைவு என்று காட்ட வேண்டும். பத்தே நாள். மதுரைமகள் தங்கச்சி சொன்ன மாதிரி, ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளுக்கு அது போதாது. யாராவது விழுந்தால் அன்றைக்கே படம் எடுத்து, கூட நிற்கிற ஆள் ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கோ.

குயின்ஸ்வாசி

டென்வர், இதாக்கா விவரம் எனக்குப் புதுசு. அந்தந்த வட்டாரப் பணம் அந்தந்த வட்டாரத்துக்கே என்று எழுதி வைத்தால் நானும் வாக்களிப்பேன். பொது நிதியில் போட்டுவிட்டு அடுத்த வருஷம் வேறு எதற்கோ எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் என் பயம். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததும் அதுதானே. பணம் தீர்ந்தது, பொறுப்பு மட்டும் காகிதத்தில் நின்றது.

மேப்பிள்தெரு

எல்லோருக்கும் நன்றி. இதுவரை ஆனது இது. ஊர்ச் சட்டத்தைப் படித்தேன், மரத்துக்கு விலக்கு எதுவும் இல்லை. மர அலுவலர் வந்து பார்த்தார். மேப்பிளின் பெரிய வேர் இரண்டையும் தொடக்கூடாது, நடைபாதையை அந்த இடத்தில் எங்கள் புல்வெளிப் பக்கம் வளைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மரத்தை நட்டது டவுன்ஷிப்தான் என்றும் அதே காகிதத்தில் வாங்கிக்கொண்டேன். பெர்மிட் போட்டாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார், இருவருக்கும் ஒரே லாரி. செலவை இப்போதைக்கு நாங்களே ஏற்கிறோம். பில்லை வைத்துக்கொண்டு மர விலக்கு கேட்டு மனு கொடுக்கப் போகிறேன்.

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் நோட்டீஸ் வந்த மற்ற வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். இதாக்கா மாதிரி வட்டாரக் கட்டணம் முடியுமா என்று கேட்கப் போகிறோம். வேறு என்ன கேட்க வேண்டும்?

நான்குசக்கரம்

இரண்டு விஷயம். முதலாவது உங்கள் வேலையிலேயே: வளைத்துப் போடும் துண்டில் குறுக்குச் சரிவு இரண்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அகலம் எங்கேயும் நான்கு அடிக்குக் குறையக்கூடாது. தண்ணீர் வடியட்டும் என்று காண்டிராக்டர்கள் சரிவை அதிகமாக்கிவிடுவார்கள். பலகை அடித்ததும் மட்டப்பலகை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது கவுன்சிலில். உங்கள் தெருவுக்கு அடுத்து எந்த ஆண்டு தார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். ரோட்டுக்குப் புதுத் தார் போட்டால் தெருமுனையில் சாய்தளமும் கட்டித்தான் ஆக வேண்டும் என்று பிலடெல்பியா வழக்கு ஒன்றில் மூன்றாவது வட்ட மத்திய மேல்முறையீட்டு மன்றம் 1993இல் சொன்னது. நியூ ஜெர்சியும் அதே வட்டத்தில்தான் வருகிறது. அது நகராட்சி செலவு, எந்த வீட்டுக்காரருக்கும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. தார் போடும் பட்டியலைக் கையில் வாங்காமல் வராதீர்கள்.

மேப்பிள்தெரு

சரி, குறித்துக்கொண்டேன். எங்கள் தெருவின் கிழக்கு முனையில் சாய்தளமே இல்லை, நேராக உயர்ந்த விளிம்புக்கல் (கர்ப்) தான். பட்டியலை வாங்கியதும் இங்கே போடுகிறேன்.